பசியை வரைந்தவர்கள்: 1943 வங்கப் பஞ்சமும் ஓவியர்களும்

ஜைனுல் ஆபெதீனைப் பங்களாதேஷில் 'ஷில்பாச்சார்யா' என்பார்கள், அதாவது கலை ஆசான். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தவர். 1938இல் அகில இந்தியக் கண்காட்சி ஒன்றில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிரம்மபுத்திரா ஆற்றை வரைந்த நீர்வண்ணப் படங்களுக்காகக் கிடைத்த பதக்கம் அது. ஐந்து வருஷம் கழித்து அதே கை, பொட்டலம் கட்டும் மலிவுத் தாளை எடுத்து, கரியை எரித்துத் தானே தயாரித்த மையைத் தொட்டு, கல்கத்தா நடைபாதையில் செத்துக்கொண்டிருந்தவர்களை வரைந்தது. ஆறும் இல்லை, வண்ணமும் இல்லை.

இடையில் வந்தது வங்கப் பஞ்சம்.

பொருளாதார நெருக்கடி வந்தாலோ சமூகப் போராட்டம் வெடித்தாலோ கலைஞர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், "அதைப் பற்றிப் படம் வரைவார்கள், பாட்டு எழுதுவார்கள்" என்று சட்டென்று பதில் வரும். சரிதான், ஆனால் அது பாதி பதில். என்ன வரைகிறார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படுகிற மாற்றம். கூடவே தாள் மாறுகிறது, மை மாறுகிறது, கோடு போடும் விதம் மாறுகிறது, படம் போய்ச் சேரும் இடமும் அதைப் பார்க்கும் ஆட்களும் மாறுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதியில்தான் விஷயமே இருக்கிறது. பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இது பிடிபடாது. அதனால் ஒரே ஒரு பஞ்சத்தையும் அதை வரைந்த மூன்று பேரையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அரிசி இருந்தும் பட்டினி

படங்களைப் பார்ப்பதற்கு முன் பஞ்சம் எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரை வரைந்தார்கள், ஏன் அவர்களை வரைந்தார்கள் என்பது புரியாது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அடுத்து ஜப்பான் வங்கக் கடற்கரையில் வந்து இறங்கிவிடும் என்ற பயத்தில், எதிரிக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று சொல்லி, பிரிட்டிஷ் அரசு கடலோர மாவட்டங்களிலிருந்து நெல்லையும் அரிசியையும் அப்புறப்படுத்தியது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையும் பறிமுதல் செய்தது, சிலவற்றை உடைத்துப் போட்டது. ஆறும் கால்வாயுமாக இருக்கும் அந்தப் பூமியில் படகு போனால் மீன்பிடிப்பு போச்சு, சந்தைக்குப் போவது போச்சு, அக்கரையில் இருக்கும் சொந்த வயலுக்குப் போவதும் போச்சு. போதாததற்கு 1942 அக்டோபர் 16ஆம் தேதி மிட்னாபூர்ப் பக்கம் பெரும் புயல் அடித்து, கடல்நீர் வயல்களுக்குள் வந்தது.

அப்புறம் விலை. கல்கத்தா மொத்தச் சந்தையில் ஒரு மணங்கு (சுமார் 37 கிலோ) அரிசி 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். 1943 மே மாதம் 30ஐத் தாண்டியது. ஆகஸ்டில் 37 ரூபாய். படைக்கும் நகரத்துக்கும் அரசு எந்த விலைக்கும் கொள்முதல் செய்தது. விலை இன்னும் ஏறும் என்று தெரிந்த வியாபாரிகள் மூட்டைகளைப் பதுக்கினார்கள். கூலிக்காரரின் கூலி மட்டும் அப்படி ஏறவில்லை.

அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பஞ்சத்தைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. 1941ஐ விட 1943இல் வங்கத்தில் அரிசி அதிகமாகவே இருந்தது, ஆனால் 1941இல் பஞ்சம் இல்லை என்று அவர் காட்டினார். அரிசி இருந்தது, அதை வாங்கும் சக்திதான் சிலரிடம் இல்லாமல் போனது என்பது அவர் வாதம். விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதில் அவரோடு முரண்படும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் யார் செத்தார்கள் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை: நிலமில்லாத விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள், கிராமக் கைவினைஞர்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு 1945இல் சொன்ன கணக்கு 15 லட்சம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் 30 லட்சத்தை ஒட்டிச் சொல்கிறார்கள்.

கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து வந்தவர்கள் வீட்டு வாசல்களில் நின்று சோறு கேட்கவில்லை. சோறு வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். கேட்டால் சோறு கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பஞ்சம் என்று சொல்லக் கூடாத பஞ்சம்

அரசு இதைப் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. பஞ்சக் காலத்தில் என்னென்ன நிவாரணம் தர வேண்டும் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் விதித்தொகுப்பு ஒன்று இருந்தது. அறிவித்தால் அதன்படி செய்தாக வேண்டும், எனவே அறிவிக்கவில்லை. போர்க்காலத் தணிக்கை வேறு. கல்கத்தாவிலிருந்து வந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1943 ஆகஸ்ட் 22ஆம் தேதி நடைபாதைச் சாவுகளின் புகைப்படங்களை அச்சிட்ட பிறகுதான் வெளியுலகம் அதிர்ந்து திரும்பிப் பார்த்தது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் ஓர் ஆங்கிலேயர், பத்திரிகையும் ஆங்கிலேயர் பத்திரிகைதான். சொற்களுக்கு இருந்த தடை படங்களுக்கு அந்த அளவு இல்லை என்ற ஓட்டையை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால் அவை நகரத்துப் படங்கள். நகரத்துக்கு நடந்து வரத் தெம்பில்லாமல் ஊரிலேயே விழுந்தவர்களை யாரும் பார்க்கவில்லை. சித்தபிரசாத் உள்ளே வருவது இங்கேதான்.

சித்தபிரசாத் 1915இல் நைஹாட்டியில் பிறந்தவர், வளர்ந்தது சிட்டகாங் பக்கம். ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர் இல்லை. முழுப் பெயரில் பட்டாச்சார்யா என்று இருந்தது. அது சாதியைக் காட்டும் பெயர் என்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டார். கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சுவரொட்டிகள் வரைந்துகொண்டிருந்தவரை 1943 நவம்பரில் கட்சி மிட்னாபூர் மாவட்டத்துக்கு அனுப்பியது. பெரும்பாலும் கால்நடையாகச் சுற்றினார். கண்டதை மையில் வரைந்தார், கூடவே எழுதவும் செய்தார்.

அந்தப் பயணத்தின் பலன் 'ஹங்க்ரி பெங்கால்' என்ற சின்னப் புத்தகம். அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் சாதாரண ஓவியத் தொகுப்பு மாதிரி அது இல்லை. படமும் அறிக்கையும் சேர்ந்தே போகின்றன. ஒருவரை வரைந்தால் அவர் எந்த ஊர், என்ன தொழில், எதை விற்றார், வீட்டில் யார் யார் போய்விட்டார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். விலங்குகளும் பறவைகளும் குதறிப் போட்ட ஒரு சடலத்தின் படம் இருக்கிறது. பார்க்கவே முடியாத படம். அதன் கீழே அவர் எழுதியிருப்பது, அந்த மனிதரின் பெயர் இன்னது என்று. பரிதாபப்படச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. இந்த உடலுக்குப் பெயர் இருந்தது என்று பதிவு செய்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பெயரை எழுதியதுதான் இந்தப் புத்தகத்திலேயே பெரிய கலைத் தீர்மானம் என்று நான் நினைக்கிறேன். பஞ்சத்தில் செத்தவர்கள் அரசுக்கு எண்ணிக்கை, நகரத்துக்காரர்களுக்குத் தொந்தரவு. அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், இவர் ஏன் செத்தார், யார் பொறுப்பு என்ற அடுத்த கேள்வி தானாக வரும். அரசுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அச்சடித்த 5,000 பிரதிகளையும் கைப்பற்றி எரித்துவிட்டார்கள். ஓவியர் குடும்பத்திடம் ஒரே ஒரு பிரதி தப்பிப் பிழைத்து, வங்கிப் பெட்டகத்தில் கிடந்தது. அதிலிருந்து எடுத்த மறுபதிப்பு 2011இல் வந்தது.

யார் காசு கொடுத்தார்கள்?

கலை வரலாறு படிக்கும்போது நாம் கேட்க மறக்கிற கேள்வி இது. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசே ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பொதுக் கட்டடச் சுவர்களில் வரையச் சொன்னது. 1935 முதல் 1943 வரை அந்தத் திட்டம் நடந்தது. வங்கத்தில் அரசு எரித்த பக்கத்தில் இருந்தது. ஓவியரை அனுப்பியதும், படத்தை அச்சிட்டதும், விற்றதும் ஒரு கட்சி. அதன் 'பீப்பிள்ஸ் வார்', வங்காளத்தில் 'ஜனயுத்தா' பத்திரிகைகளில்தான் இந்தப் படங்களும் சுனில் ஜானாவின் புகைப்படங்களும் வந்தன. கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த பி. சி. ஜோஷி, ஓவியரையும் புகைப்படக்காரரையும் பஞ்சம் பாதித்த ஊர்களுக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனவர்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பாசிசத்துக்கு எதிரான போர் என்று சொல்லி அப்போது கட்சி போரை ஆதரித்துக்கொண்டிருந்தது. 1942இல் அதன் மேல் இருந்த தடை நீங்கியதும் அதனால்தான். ஆகவே அந்தப் பக்கங்களில் பதுக்கல்காரரும் அதிகாரிகளும் வாங்குகிற அடியைப் போர்க் கொள்கை வாங்குவதில்லை. ஆதரிப்பவர் யாராக இருந்தாலும் படத்தில் ஏதோ ஒரு மூலை காலியாகத்தான் இருக்கும். படங்களின் தரம் இதனால் குறையவில்லை, ஆனால் பார்க்கும்போது இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஏன் கறுப்பு, ஏன் மலிவுத் தாள்?

இப்போது ஆபெதீனின் படங்களுக்கு வருவோம். அவற்றின் புதுமை புரிய, அதற்கு முன் வங்கத்தில் எது நல்ல ஓவியம் என்று கருதப்பட்டது என்று தெரிய வேண்டும். அபனீந்திரநாத் தாகூர் வழியில் வந்த வங்கப் பாணியில் வண்ணத்தை மெல்லியதாகப் பூசி, நனைத்து, மறுபடி பூசி, பனிமூட்டத்துக்குள் தெரிவதுபோல உருவங்களைக் கொண்டுவருவார்கள். புராணக் காட்சிகள், மொகலாய அரசர்கள், மெலிந்த நீள விரல்கள். சுதேசி இயக்கக் காலத்தில் அந்தப் பாணி தேசியப் பெருமைக்கே அடையாளமாக இருந்தது. குறை சொல்ல வரவில்லை, அதில் அழகான படங்கள் ஏராளம். ஆனால் சோகத்தைக்கூட அது இதமாக்கிவிடும். குப்பைத் தொட்டியில் கைவிட்டுத் துழாவும் ஒருவரை அந்தப் பனிமூட்டத்தில் வரைந்தால் அவரும் அழகாகிவிடுவார்.

ஆபெதீன் தூரிகையில் மையைக் குறைவாகத் தொட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் இழுத்தார். அப்படி இழுக்கும்போது கோடு முழுசாக விழாது, நடுநடுவே தாள் தெரியும், ஓரம் பிசிறடிக்கும். முதுகெலும்பையும் விலாவையும் முழங்கால் முட்டையும் அந்தப் பிசிறு அப்படியே கொண்டுவந்துவிடும். தசைக்கு மெருகு போட அவருக்கு வேலையே இல்லை, ஏனென்றால் அந்த உடம்புகளில் தசை இல்லை. பின்னணி என்று ஏறக்குறைய எதுவும் கிடையாது. ஒரு தாய், பக்கத்தில் குழந்தை, காலியான ஏதோ ஒரு பாத்திரம். தெரு எது, கட்டடம் எது என்று கண் அலைய இடம் தருவதில்லை.

அந்தப் படங்களில் காக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மனிதர்கள் கிடக்கும் இடத்துக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்கும், குப்பைத் தொட்டியில் மனிதரோடு போட்டி போடும். மனிதர்கள் எல்லாம் உலர்ந்த கோட்டில் நைந்து தெரிய, காக்கை மட்டும் அடர்ந்த கறுப்பில் கொழுகொழுவென்று இருக்கும். அந்த ஊரில் தின்று கொழுத்தது யார் என்று அவர் எழுதிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

சரி, பொட்டலத் தாளும் கரி மையும் வேண்டுமென்றே எடுத்த முடிவா, இல்லை கிடைத்ததை வைத்து வரைந்தாரா? போர்க்காலத்தில் நல்ல தாளும் வண்ணமும் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். பஞ்சம் ஓவியர் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் வந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பழுப்புத் தாளில் அந்த மை விழுந்த பிறகு, வேறு எதிலும் இதை வரைந்திருக்க முடியாது என்று தோன்றிவிடுகிறது. வறுமை கொடுத்த பொருளையே பாணியாக மாற்றிக்கொள்வது நெருக்கடிக் காலக் கலையில் அடிக்கடி நடக்கும்.

சித்தபிரசாத் பின்னால் முழுமூச்சாக இறங்கிய லினோ அச்சும் இதே வகை. லினோ என்பது தரையில் விரிக்கும் ஒருவகை விரிப்பு. அதைத் துண்டு போட்டு, கத்தியால் செதுக்கி, மேடாக நிற்கும் பகுதியில் உருளையால் மை தடவி, மேலே தாளை வைத்து ஒரு கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் வந்துவிடும். அச்சு எந்திரம்கூட வேண்டாம். ஒரே கட்டையில் எத்தனையோ பிரதிகள் எடுக்கலாம், அதனால் ஒரு படத்துக்கு ஒரு சொந்தக்காரர் என்ற கணக்கே உடைந்துபோகும். பணக்கார வீட்டுச் சுவருக்கு ஒன்று என்பதற்குப் பதில் சங்க அலுவலகத்துக்கு ஒன்று, தெருச் சுவருக்கு ஒன்று. செதுக்கும் ஊடகம் என்பதால் நுணுக்கமான சாயல்களும் வராது. கறுப்பு, வெள்ளை, அதிரடியான கோடு, இவ்வளவுதான். தூரத்தில் நின்று பார்க்கும் கூட்டத்துக்கு அதுவே தோது.

இது வங்கத்தில் மட்டும் நடந்ததும் இல்லை. ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் நெசவாளர் கலகத்தை வரிசையாக அச்சுப் படங்களாக்கினார். 1898இல் பெர்லின் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் தர நடுவர் குழு பரிந்துரைத்தது, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் குழந்தைகள் பட்டினி கிடந்தபோது நிவாரண இயக்கத்துக்குச் சுவரொட்டிகள் வரைந்தவரும் அவரே. அவர் படங்களைச் சீனாவுக்கு அறிமுகப்படுத்தியவர் எழுத்தாளர் லூ சுன். 1931இல் ஷாங்காயில் இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த ஏற்பாடு செய்தவரும் அவர்தான். அந்தச் சீன மரச்செதுக்குகளும் கோல்விட்ஸின் படங்களும் வங்க ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தன. பெர்லின், ஷாங்காய், கல்கத்தா என்று இந்தக் கறுப்பு மை தனியாக ஒரு பாதை போட்டுக்கொண்டு நடந்திருக்கிறது.

மேடையிலும் பாட்டிலும்

ஓவியத்தோடு நிற்கவில்லை. 1943 மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம், சுருக்கமாக 'இப்டா', தொடங்கியது. முரசறையும் மனிதன் உருவம் கொண்ட அதன் சின்னம் சித்தபிரசாத் வரைந்தது. வங்கத்திலிருந்து கிளம்பிய பாட்டு, நடனக் குழு ஊர் ஊராகப் போய்ப் பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்டியது. 1944 அக்டோபரில் கல்கத்தாவில் அரங்கேறிய 'நபான்ன' நாடகம், பஞ்சத்தில் எல்லாவற்றையும் இழந்து நகரத்துத் தெருவுக்கு வந்து சேர்ந்த விவசாயக் குடும்பத்தின் கதை. அதே ஓவியங்களில் கிடந்தவர்கள் எழுந்து பேசுவதுபோல அது பார்வையாளர்களைத் தாக்கியது. நாடகத்தைப் பற்றிச் சொல்லத் தனிக் கட்டுரையே வேண்டும், இங்கே இவ்வளவு போதும்.

படம் எடுப்பவரும் படத்தில் இருப்பவரும்

ஒரு சங்கடமான கேள்வி பாக்கி. சாகக் கிடக்கும் ஒருவரை வரைந்துகொண்டிருக்கலாமா?

நம் பக்கத்திலேயே இதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பட்டினிக் கூட்டங்களைப் புகைப்படம் எடுத்தார். எலும்பும் தோலுமாக இருப்பவர்களை வரிசையாக உட்கார வைத்து, நிற்க வைத்து எடுத்த படங்கள். யாருக்கும் பெயர் இல்லை. பார்த்தால் ஆவணம்தான், அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அந்தப் பஞ்சத்தின் முகம் நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உட்கார வைத்த விதத்தில் ஒரு காட்சிச்சாலைத்தனம் இருக்கிறது. அதே பஞ்சக் காலங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் பாடப்பட்ட பஞ்சக் கும்மிகள் வேறு மாதிரி. விலைவாசியையும், விற்றுத் தின்ற தாலியையும் பண்டத்தையும் அனுபவித்தவரின் குரலிலேயே அடுக்கிச் சொல்லும்.

சித்தபிரசாத் இந்த இரண்டில் இரண்டாவது பக்கம் நிற்கிறார். வெளியிலிருந்து வந்தவர்தான், ஆனால் உட்கார்ந்து கதை கேட்டவர். ஆபெதீனிடம் பெயர்கள் இல்லை. அவர் படங்களில் முகம்கூடப் பல நேரம் சரியாகத் தெரியாது. அதற்காக அவரை ஹூப்பரோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர்கள் நமக்காக நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் இல்லை. தங்கள் பாட்டுக்குச் சுருண்டு கிடக்கிறார்கள், பார்க்கிறவரைச் சட்டையே செய்வதில்லை.

படுத்துக் கிடந்தவர்கள் எழுந்தபோது

மூன்றாவது ஆள் சோம்நாத் ஹோர். 1921இல் சிட்டகாங்கில் பிறந்தவர். அவரை வரையத் தூண்டியவர் சித்தபிரசாத், பின்னால் கல்கத்தா ஓவியப் பள்ளியில் பாடம் நடத்தியவர் ஆபெதீன். இருபத்திரண்டு வயதில் பஞ்சக் காட்சிகளை 'ஜனயுத்தா'வுக்கு வரைந்து கொடுத்தார்.

1946இல் வட வங்கத்தில் தெபாகா இயக்கம் எழுந்தது. அதுவரை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் ஏற்பாட்டில், அடுத்தவர் நிலத்தை உழுத விவசாயி விளைச்சலில் பாதியை நிலக்காரருக்குக் கொடுக்க வேண்டும். இனி மூன்றில் ஒரு பங்குதான், இரண்டு பங்கு உழுதவனுக்கு என்பது கோரிக்கை. அறுத்த நெல்லை நிலக்காரர் களத்துக்குக் கொண்டு போகாமல் தங்கள் களத்திலேயே போட்டார்கள். நம் ஊரில் வாரமும் களமும் தெரிந்தவர்களுக்கு இந்தச் சின்ன மாற்றத்தின் தைரியம் தனியாக விளக்க வேண்டியதில்லை. களம் யாருடையதோ அவர்தான் நெல்லை அளப்பார்.

ஹோர் ரங்பூர் பக்கம் போய் இந்த இயக்கத்தை நாட்குறிப்பும் படமுமாகப் பதிவு செய்தார். 1943இல் வரைந்ததையும் 1946இல் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். பஞ்சப் படங்களில் மனிதர்கள் படுத்திருக்கிறார்கள், சரிந்திருக்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள். தெபாகா படங்களில் நிற்கிறார்கள், கூட்டமாக அறுக்கிறார்கள், இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். அதே வர்க்கம், ஏறக்குறைய அதே உடம்புகள். துயரத்தை வரைவதும் போராட்டத்தை வரைவதும் வேறு வேறு வேலை. முன்னதில் ஒரு மனிதர் போதும், பின்னதற்குக் கூட்டம் வேண்டும். ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிற பார்வையும் வேண்டும்.

ஆனால் ஹோருக்குப் பஞ்சம் அங்கேயே முடியவில்லை. 1970களில் சாந்திநிகேதன் கலாபவனத்தில் இருந்தபோது 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தார். வியட்நாம், பங்களாதேஷ் போர், கல்கத்தா தெருக்களில் நடந்த வன்முறை எல்லாம் நடந்த காலம். இந்தப் படங்களில் மையே கிடையாது. மெழுகிலோ களிமண்ணிலோ கத்தியால் கிழித்து, குத்தி, அதிலிருந்து சிமெண்டில் அச்சு எடுத்து, அதன் மேல் தாள் கூழை அமுக்கிக் காயவைத்து எடுப்பார். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே கிழிசலும் வடுவும் மேடு பள்ளமாக இருக்கும். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால்தான் தெரியும். முப்பது வருஷம் முன்பு மனித உடம்பில் கண்டதை, உடம்பையே விட்டுவிட்டுத் தாளில் செய்திருக்கிறார்.

அவர் 2006இல் இறந்தார். ஆபெதீன் பிரிவினைக்குப் பிறகு டாக்கா போய் 1948இல் அங்கே ஓவியக் கல்லூரி தொடங்கினார். 1970 புயலில் கடலோரம் அழிந்தபோது மறுபடி கறுப்பு மையோடு உட்கார்ந்து ஒரு நீண்ட சுருள் ஓவியம் வரைந்தார், 1976இல் காலமானார். சித்தபிரசாத் பம்பாய்க்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். 1940களின் முடிவில் கட்சி வேலைகளிலிருந்து விலகி, லினோவில் உழைப்பாளிகளையும் வேலைக்குப் போகும் குழந்தைகளையும் செதுக்கிக்கொண்டு, பெரிய வருமானம் எதுவும் இல்லாமல் 1978 வரை வாழ்ந்தார். அவர் படங்களுக்கு விலை ஏறியது அதற்கப்புறம்தான்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

முதலில் ஆபெதீன். மைமன்சிங்கில் அவர் பெயரில் ஒரு காட்சியகம் இருக்கிறது, டாக்கா தேசிய அருங்காட்சியகத்திலும் படங்கள் இருக்கின்றன. போக முடியாதவர்கள் இணையத்தில் தேடினாலே பஞ்சப் படங்கள் நிறையக் கிடைக்கும். திரையில் பார்க்கும்போது பெரிதாக்கிக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள், தூரிகை எங்கே உலர்ந்தது என்று தெரியும். அடுத்து 'ஹங்க்ரி பெங்கால்' மறுபதிப்பு. அதைப் படத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வைக்காமல் எழுத்தோடு சேர்த்து வாசியுங்கள், இல்லாவிட்டால் பாதிப் புத்தகம்தான் பார்த்ததாகும். ஹோரின் 'காயங்கள்' வரிசையைக் கடைசிக்கு வையுங்கள். அதை மட்டும் திரையில் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, வெற்றுத் தாள் மாதிரிதான் தெரியும். டெல்லியிலோ கொல்கத்தாவிலோ கண்காட்சியில் வைத்தார்கள் என்றால் நேரில் போய், நேராக நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.